பாஸ்வேர்டை நேரில்தான் சொல்வேன்

மக்கா,

எல்லாரும் சுகம் என்று தொடங்கினால் உனக்குச் சந்தேகம் வரும். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு முட்டுவலி, எனக்கு மறதி, வீட்டில் நீ விட்டுப்போன கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல ஸ்டீபனின் டெலிபோன் பூத்துக்குக் கூப்பிட்டு, இந்த வருடமும் வர முடியாது, வருடக் கடைசியில் கம்ப்யூட்டர்களெல்லாம் இரண்டாயிரமாவது வருடத்தைக் கண்டு குழம்பிப்போகாமல் அமெரிக்காவில் இருந்து காவல் காக்க வேண்டும் என்று சொன்னாய். நானும் "செரி மக்கா, வேலையாக்கும் முக்கியம்" என்றேன். பூத்தில் இருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் நான் சொன்னது பொய் என்று எனக்கே தெரிந்தது. எனக்கு உன் வேலை அத்தனை முக்கியமில்லை. நீ வர வேண்டும். இத்தனை வயதுக்குப் பிறகு அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமையும் இல்லை.

அதோடு உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. கம்ப்யூட்டரின் ரூட் பாஸ்வேர்டை, அதாவது அந்த மெஷினின் தலைமைச் சாவியை, நீ சொன்னபடி மாற்றிவிட்டேன். புதிய சொல் என் ஒருவனுக்குத்தான் தெரியும். உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அதற்காக இரண்டு நாள் சாயாவை மேசையில் 'டொக்'கென்று வைத்துவிட்டுப் போனாள். உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் போனில் சொல்லக் கூடாது, காகிதத்தில் எழுதக் கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. இந்தக் கடிதத்தை எத்தனை பேர் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. அதில் மற்ற எல்லாம் இருக்கும், அந்த ஒரு சொல் இருக்காது.

அந்த மெஷின் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது திருவனந்தபுரத்தில் யாரோ பழையதை விற்கிறார்கள் என்று வாங்கி, மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். அதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்ற கண்டக்டரோடு நெய்யாற்றின்கரை வரை மலையாளத்தில் சண்டை, அங்கிருந்து நம் பாறசாலை வரை தமிழில் சண்டை. வந்ததும் சோறுகூடத் தின்னாமல், ஒரு பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியைப் போட்டு லினக்ஸ் என்ற சிஸ்டத்தை ஏற்ற உட்கார்ந்தாய். திரையில் கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. உன் அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"படம் ஒண்ணும் வராதா மோளே?"

"வரும் அம்மா. கொஞ்சம் பொறுங்க."

"இனாமா வந்த சாதனம் எத்தன நாளைக்கு நிக்கும்?"

"இனாம் எங்கிறதில்ல காரியம். இதுக்க உள்ள என்ன எழுதியிருக்குண்ணு யாரு வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம். பிடிக்கல்லேண்ணா மாத்தலாம். அடுத்த வீட்டுக்கும் ஒரு காப்பி எடுத்துக் குடுக்கலாம்."

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பம் இது கல்யாண வீட்டுக் காய்கறி வெட்டு போலயாக்கும்" என்றாள். நீ திரும்பி அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தலுக்குள் யார் நுழைந்தாலும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பூசணி ஒன்று அழுகியிருந்தால் யாராவது ஒருத்தி கண்ணில் பட்டுவிடும், தூக்கி எறிந்துவிடுவாள். அவியலில் என்ன விழுந்தது என்பது ஊருக்கே தெரியும். முந்தின லீவில் நீ மூன்று நாளாக விளக்கியும் எனக்கு ஏறாத விஷயத்தை அவள் நின்ற நிலையில் சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். மெஷினில் அவளுக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தாய். இன்றும் மத்தியானம் அதில் நுழைந்து சீட்டு விளையாடுகிறாள். வேறு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டாள். ஆனால் நான் அந்த நேரத்தில் மெஷின் பக்கம் போனால் முறைக்கிறாள்.

என்னைப் பற்றித்தான் உனக்கு வேடிக்கை. பேங்கில் கம்ப்யூட்டரைக் கொண்டுவரக் கூடாது என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தவன் நான். கிளைக்கு முன்னால் நின்று கோஷம் போட்டுத் தொண்டை கட்டி வருவேன். நீ மடியில் ஏறி அந்தப் பேட்ஜைப் பிடுங்கி விளையாடுவாய். பிறகு நீ அதே கம்ப்யூட்டரைப் படிக்கப் போனபோது யூனியன் தோழர்கள் என்னைக் கேலி செய்ததற்கு அளவில்லை. இப்போது கேட்டால் சொல்வேன்: நாங்கள் பயந்தது மெஷினுக்கு அல்ல, அதன் சாவி யார் கையில் இருக்கப்போகிறது என்பதற்கு. பேங்கில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், ஒன்று என்னிடம். அவர் தனியாகத் திறக்க முடியாது, நானும் முடியாது. ஒருவரை ஒருவர் நம்பாததால் அல்ல, நம்பிக்கை கெட்டுப்போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. விலைக்கு விற்கிற கம்பெனிகளின் சிஸ்டத்தில் அந்த இரண்டாவது சாவி நமக்கு இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், நீ கேட்க யார் என்பார்கள். படித்துப் பார்க்க முடியாத சட்டத்துக்குக் கீழே வாழச் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் அப்படிக் கேட்கிற நம் ஆட்களும் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. திறந்த புத்தகமாக இருக்க வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு, கமிட்டி கூட்டத்துக்குக் கதவைச் சாத்துகிறவர்கள்தான் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு டைப்பிங் சென்டரில் விலைக்கு விற்கிற சிஸ்டத்தைத் திருட்டுத்தனமாகக் காப்பியடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ கொண்டுவந்த பிளாப்பியில் வைரஸ் வந்து எல்லாம் போய்விட்டது. நம் மெஷின் தப்பியதும் நான் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்தேன். நீதான் போனில் குட்டினாய். எல்லாரும் பார்க்கலாம் என்றால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் தூங்கிவிடலாம், பாதுகாப்பு என்பது தினமும் செய்கிற வேலை என்றாய். ஜனநாயகத்தைப் பற்றி நான் ஆயுள் முழுக்கப் பேசியதை நீ ஒரு வாயில் சொல்லிவிட்டாய் என்று தோன்றியது. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

நீ அமெரிக்கா போகும்போது ரூட் பாஸ்வேர்டை எனக்குத் தரவில்லை. "தந்தா நாளைக்கு வாசகசாலை மொத்தம் அறியும்" என்று சிரித்தாய். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் பெட்டகச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கியவனை நம்பவில்லையே என்று இருந்தது. பிறகு நடந்ததைப் பார்த்தால் நீ செய்ததுதான் சரி.

பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்புக்கான மனுவால்தான் அது வந்தது. வருடா வருடம் பிள்ளைகள் குறைவு என்று வகுப்பை எடுத்துவிடப் பார்ப்பார்கள், நாங்கள் வருடா வருடம் மனு எழுதுவோம். நீ ஏற்றிக் கொடுத்த தமிழ் எழுத்தில் இந்த முறை நானே அடித்தேன். அதை அடிக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம் எனக்கு. தமிழுக்குச் சந்தை இல்லை என்று பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத காலத்தில், எங்கெங்கோ இருக்கிற சில பிள்ளைகள் உட்கார்ந்து லினக்ஸ் மெனுவைத் தமிழில் மாற்றுகிறார்கள் என்று நீ சொன்னாய். யாரிடமும் மனுப் போடாமல் நம் மொழியை நாமே கொண்டுபோய் வைக்க ஓர் இடம் உண்டு என்பது, மனுப் போட்டே நரைத்தவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். இரண்டு மாநிலத்து அரசியல்வாதிகளும் எல்லைத் தமிழனைத் தேர்தலுக்குத் தேர்தல்தான் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஓட்டுக் கேட்கவில்லை.

மனு தயார். அன்றைக்கென்று பிரிண்டர் படுத்துவிட்டது. வாசகசாலையில் கிடந்த பழைய பிரிண்டரைத் தூக்கிவந்து மாட்டினேன். அதைச் சேர்த்துக்கொள்ள மெஷின் ரூட் பாஸ்வேர்டு கேட்டது. அதனால்தான் அன்று பூத்தில் இருந்து உனக்கு நானே கூப்பிட்டேன். பூத்துக் கதவின் கீல் போய் மாதக்கணக்காகிறது, சாத்தாது. வெளியே வரிசையில் ஆட்கள். லைனில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம்.

"அப்பா, ஒவ்வொரு எழுத்தா சொல்லுவேன். நீங்க திருப்பிச் சொல்லாண்டாம். மனசில வச்சா போதும்."

"செரி, சொல்லு."

"கே."

"என்னது, டேயா?"

"கே!"

"காஞ்சிரங்குளத்துக்கு உள்ள கேயா?"

"அதுதான். உரக்கப் பேசாதீங்கப்பா. அடுத்தது பி. வலிய எழுத்து, கேப்பிடல்."

"வலிய பாறசாலை!"

நான் வேண்டுமென்றா செய்தேன்? பேங்கில் போனில் பெயர் சொல்லும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஊரைச் சேர்த்துச் சொல்லியே பழகின வாய் இது. டி என்றாய், நான் திருப்புறம் என்றேன். என் என்றாய், நெய்யாற்றின்கரை என்றேன். பிறகு ஏழு. கடைசியில் இன்னொரு பி, சிறிய எழுத்து. பாறசாலை ஒருமுறை வந்துவிட்டதே, குழம்பிவிடக் கூடாதே என்று அதற்குச் சின்ன பெருங்கடவிளை என்று பெயர் வைத்தேன். அந்தப் பக்கத்தில் நீ பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. நீ யாரும் ஊகிக்க முடியாதபடி அர்த்தமே இல்லாத எழுத்துகளைத் தேடி வைத்திருந்தாய். நான் அதற்கு ஊர் ஊராக அர்த்தம் கொடுத்து ஜங்ஷனில் நின்று கூவியிருக்கிறேன். சாவி என்றால் இரும்பு, இடுப்பில் கனக்க வேண்டும் என்று நினைத்திருந்தவனுக்கு வாயில் வருகிற ஒன்று சாவியாகத் தோன்றவில்லை.

மனு அச்சாகிப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி ரூட்டாக நுழைய வேண்டிவந்தபோது எனக்கு அந்தச் சொல் சுத்தமாக மறந்துவிட்டது. எழுதி வைக்கக் கூடாது என்றாயே, எழுதவில்லை. பூத்தை ஒட்டி இருக்கிற கனகத்தின் சாயாக்கடையில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன சாரே, மொகம் வாடிப்போச்சு?"

"மகள் பறஞ்ச ஒரு காரியம் மறந்துபோச்சு கனகம்."

"அண்ணு பூத்தில நிண்ணு கூவினதுதானே? காஞ்சிரங்குளத்தில ஏறி, வலிய பாறசாலை, அங்க இருந்து திருப்புறம், நெய்யாற்றின்கரை, பிறவு ஏழு மணிக்குப் பெருங்கடவிளை. நானும் அண்ணு முதல் ஆலோசிக்குதேன், இப்பிடிச் சுத்திப் போற வண்டி எதாக்கும்ணு."

பூத்துக்குள் இருந்து ஸ்டீபன் தலையை நீட்டி, "எக்கா, கடைசி சின்ன பெருங்கடவிளையாக்கும்" என்று திருத்தினான்.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடித்தேன், மெஷின் திறந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பெரிய தமாஷாக உன்னிடம் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"அப்பா, அதில எனக்க சாமானும் உண்டு" என்றாய்.

அவ்வளவுதான் சொன்னாய். என் முகம் விழுந்துவிட்டது. ஊரே சொந்தம், நமக்கு எதற்கு ஒளிவு மறைவு என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்துவிட்டேன். யார் வந்தாலும் சமையலறை வரை வரலாம் என்கிற வீடு நம் வீடு. அந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை தனக்கென்று சாத்தி வைத்துக்கொள்ள ஒரு கதவாவது வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கதவை நீ மெஷினுக்குள் போட்டு வைத்திருந்தாய்.

"இப்பமே போய் மாத்துங்க. என்ன வச்சியண்ணு எனக்கும் சொல்லாண்டாம். போனிலயும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்."

"பிறவு நீ எப்பிடி அறிவ?"

"நான் வாறப்பம் கேட்டுக்கிடுதேன்."

மக்கா, நீ அதை யோசித்துச் சொன்னாயா, வாயில் வந்ததைச் சொன்னாயா, எனக்குத் தெரியாது. நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நீ சொல்லித்தந்தபடியே மாற்றினேன். முதலில் விரல் உன் பெயரைத்தான் அடித்தது. வீட்டு ஆட்களின் பெயர் கூடாது என்று சொல்லியிருக்கிறாயே, அழித்துவிட்டு வேறு வைத்தேன். அது நல்ல சொல்தான், உனக்குப் பிடிக்கும். ரூட்டாக இருக்கிறவனுக்கு எல்லார் கணக்கும் திறந்து கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். உன் அம்மா ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்று, "மோளுக்க பெட்டிக்குள்ள என்ன உண்டுண்ணு ஒண்ணு பாருங்களேன், நாம அன்னியரா?" என்றாள். பாவம், உன் கையால் எழுதின எதையாவது பார்க்க மாட்டோமா என்ற ஏக்கம் அவளுக்கு. எனக்கு மட்டும் இல்லையா? உன் கணக்கின் பெயர் திரையில் இருந்தது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், திறக்கவில்லை. முடியும் என்பதாலேயே பார்க்கலாம் என்று ஆகிவிடாது. ஆட்சியில் உட்காருகிறவர்களிடம் நான் இத்தனை காலம் கேட்டது இது ஒன்றைத்தான். அதை என் வீட்டில் என் மகளுக்குச் செய்யாவிட்டால் பேட்ஜ் குத்தி என்ன பயன்? நாளைக்கு உன் கையிலும் பெரிய பெரிய சாவிகள் வரும். அப்போது இதை மட்டும் நினைத்துக்கொள்.

உன் கம்பெனியில், உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்க உனக்கே அனுமதி வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாய். இங்கே வந்து திறந்து காட்டியவள் அங்கே போய்ப் பூட்டுக்குக் காவல் நிற்கிறாளே என்று நான் குத்திப் பேசினேன். "கொள்கை வேற, சோறு வேற அப்பா" என்றாய். அது சரிதான். பேட்ஜ் குத்தினவனும் முதல் தேதி சம்பளம் வாங்கினவன்தான். அங்கேயே தங்கிவிட மனுப் போட்டிருக்கிறாய் என்று உன் அம்மா ஊகிக்கிறாள். நான் கேட்கமாட்டேன். தங்குவதானாலும் தங்கு. ஆனால் ஒரு தடவை வந்துவிட்டுப் போய்த் தங்கு.

மறதி என்று முதலில் எழுதினேனே, அது விளையாட்டுக்கு எழுதவில்லை. போன மாதம் ரயில்வே கேட் சாத்தியிருந்தபோது ஆட்களோடு நின்றிருந்தேன். வண்டி போனது, கேட் திறந்தது, எல்லாரும் நடந்தார்கள். எனக்கு நான் வீட்டில் இருந்து வந்தேனா, வீட்டுக்குப் போகிறேனா என்று தெரியவில்லை. ஸ்டீபன் அந்த வழியாக சைக்கிளில் வந்து, "சாரே, வாருங்க" என்று கூட்டிக்கொண்டு வந்து விட்டான். நெய்யாற்றின்கரை டாக்டர் மாத்திரை தந்திருக்கிறார், வயதுக்கு இது உள்ளதுதான் என்கிறார். அம்மாவுக்கு இது தெரியும். உனக்குச் சொல்லக் கூடாது என்றாள். நான் சொல்கிறேன். நம் வீட்டில் மறைத்து வைக்க இப்போது ஒன்றே ஒன்றுதான் உண்டு.

அது மறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் காலையில் சாயா குடித்ததும் போய் உட்கார்ந்து ரூட்டாக நுழைகிறேன். ஒரு வேலையும் செய்வதில்லை. திறந்ததும் வெளியே வந்துவிடுகிறேன். காரியம் இல்லாமல் ரூட்டாக நுழையக் கூடாது என்பது நீ சொல்லித்தந்த முதல் பாடம். தெரிந்தேதான் மீறுகிறேன். எனக்குக் காரியம் இருக்கிறது.

லினக்ஸ் ஏற்றின அன்று நீ ஒரு பிளாப்பியைக் காட்டி, இது கையில் இருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைந்துவிடலாம் என்றாய். பிறகு எதற்குப் பூட்டு என்று நான் பதறினேன். "பூட்டு தூரத்தில நிக்குதவனுக்காக்கும் அப்பா. பக்கத்தில வந்து இருக்குதவன அது தடுக்காது" என்றாய். அந்த பிளாப்பி அலமாரியில், உன் பட்டுப்பாவாடைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. அதனால் எனக்கு அந்தச் சொல் மறந்துபோனாலும் உன் சாமானுக்கு ஒன்றும் ஆகாது. நீ வந்து உட்கார்ந்து அதைப் போட்டால் மெஷின் திறந்துகொள்ளும்.

எனக்குத்தான் அப்படி ஒரு பிளாப்பி இல்லை மக்கா. நீ வரும்போது நான் உன்னை யாரென்று கேட்டால், எதைப் போட்டும் திறக்க முடியாது. அதற்கு முன்னால் வா. காதைக் கொண்டுவா, சொல்கிறேன். இன்று காலையும் ஒரே தடவையில் சரியாக அடித்தேன்.

அப்பா